பரந்தாமனின் முகம் போன இடங்கள்

ஆம்பூரில் மழை பெய்யாத வருஷம் உண்டு, மேனேஜர் பரந்தாமன் தன்னைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. எங்கள் செருப்புக் கம்பெனியில் நான் ஸ்டோர் பார்த்தேன். அவர் எதைப் பார்த்தார் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. முதலாளி இஷ்தியாக் அகமது கம்பெனிக்கு ஒரு டைரக்டர் போடப்போகிறார் என்று பேச்சு வந்ததும், அந்த நாற்காலிக்காகப் பரந்தாமன் உட்காரும் தோரணையையே மாற்றிக்கொண்டார். 'டைரக்டர்' என்று போட்டு விசிட்டிங் கார்டும் அடித்தாயிற்று. நியமன உத்தரவு மட்டும்தான் பாக்கி.

எங்களுக்குத் திமிரியிலும் கணியம்பாடியிலும் ஆலங்காயத்திலும் யூனிட்டுகள். செருப்பு டிசைன் ஃபைல்கள் ஆம்பூர் ஆபீசிலிருந்து அங்கெல்லாம் போகவேண்டும். முன்பு பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கில் ஒருவன் போவான். அவன் ஆலங்காயம் போய்ச் சேர்வதற்குள் அந்த ஃபேஷனே வழக்கொழிந்துவிடும். கம்ப்யூட்டர் பார்க்கும் தேவிகா வந்துதான் அதற்கு ஒரு வழி செய்தாள். எந்த ஃபைல், எந்த ஊர் சர்வருக்கு என்று ஒரு தடவை எழுதிவைத்தால், காலையில் அதுவாகப் பொறுக்கி எடுத்து அதுவாக அனுப்பிவிடும். டிசைன் ஃபைல்கள் லேசர் மெஷின்களுக்கு, வருகைக் கணக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தாள். பரந்தாமனுக்கு இதில் ஒரு எழுத்தும் புரியவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் விளக்கினார்.

வேலூரில் ஒரு ஸ்டூடியோவில் அவர் போட்டோ எடுத்துக்கொண்டார். மீசை ஃபிரேமுக்குள் அடங்கவில்லை என்று பக்கத்துக் கடைச் சுவரை இடித்ததாகக் கேள்வி. அந்தப் போட்டோவைக் கொண்டுவந்து தேவிகாவின் மேஜையில் போட்டார்.

"இது எல்லா யூனிட்டுக்கும் போகணும். கம்ப்யூட்டரைத் தொறந்தா நான் தெரியணும்."

"சரி சார். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும் அனுப்பிட்றேன்."

"மட்டும் இன்னா மட்டும்?"

"லேசருக்குப் போவக்கூடாது சார். அதுக்கு இன்னா ஃபைல் வந்தாலும் தோல்ல சுட்ரும்."

"லேசர்ல வேலை செய்றவன் கம்பெனி ஆளு இல்லியா? அவன் மட்டும் என் மூஞ்சியைப் பார்க்கக் கூடாதா?"

"சுட்ரும் சார்."

"யாருகிட்ட பேசறே? இந்த சாஃப்ட்வேரை வாங்கறப்போ பேரம் பேசினவனே நான்தான்."

அந்த சாஃப்ட்வேர் இலவசம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம்.  சுட்டுவிடும் என்று தேவிகா இரண்டு தடவை சொல்லியாயிற்று, மூன்றாம் தடவைக்குச் சம்பளம் கிடையாது. எழுதிவைத்ததில் ஒரு வார்த்தையை மாற்றி, 'எல்லாம்' என்று போட்டாள்.

மறுநாள் காலையில் பரந்தாமன் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தார். திமிரியில் கம்ப்யூட்டரைத் திறந்தவர்கள், அவர் போய்விட்டார் என்று நினைத்து மானிட்டருக்கு மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தி, அரை நாள் லீவும் எடுத்துக்கொண்டார்கள். லட்டு யார் வாங்கிக் கொடுத்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆலங்காயத்தில் லேசர் சூப்பர்வைசர் அமீர் பாஷா. வெளிநாட்டு வியாபாரி ஒருவருக்கான செருப்பு அங்கே ஓடிக்கொண்டிருந்தது. பாதம் படுகிற உள்தோலில் பூ வேலை சுடவேண்டும். பூ வரவில்லை, மீசை வந்தது. அமீர் பாஷா போனைப் போட்டார்.

"தேவிகாமா, இன்னா புது மாடல் இது? நம்மளையே மொறைக்குது."

"நிறுத்துங்க பாய்! அது மேனேஜர் சார்!"

"நிறுத்தறதா? போன மாசம் ஒரு சந்தேகம் கேக்க மெஷினை நிறுத்தினேன், சம்பளத்தைப் புடிச்சிட்டாரு. 'வந்த டிசைனைச் சுடு, கேள்வி கேக்காதே'ன்னு போர்டு எழுதி மாட்டியிருக்காரும்மா. அவரையே நிறுத்தச் சொல்லு."

பரந்தாமன் அப்போது ஃபேஷியல் செய்துகொள்ளப் போயிருந்தார், போனை அணைத்துவிட்டு. மெஷின் ஓடியது. மீசைக்கு வந்தபோது மட்டும் லேசர் திணறி, வாணியம்பாடி வரை வோல்டேஜ் இறங்கியது. சாயங்காலத்துக்குள் மொத்த லாட்டும் பரந்தாமன். சரிபார்க்கிறோம் என்று யூனிட்டில் ஒவ்வொருவரும் ஒரு ஜோடி போட்டு நடந்தார்கள். கணியம்பாடியிலிருந்து வேன் பிடித்து வந்து நடந்தார்கள். சம்பளம் பிடிக்கப்பட்டவர்கள் ஓடினார்கள்.

அடுத்த நாள் முதலாளியோடு வியாபாரியும் ஆம்பூர் ஆபீசுக்கு வந்தார். சாம்பிள் பெட்டியைப் பரந்தாமனே கோட்டு போட்டுக்கொண்டு திறந்தார். உள்ளே அவரே அவரைப் பார்த்தார்.

"சார், இவளை இப்பவே வேலையை வுட்டு அனுப்புங்க சார்!" என்று தேவிகாவைக் காட்டிக் கத்தினார்.

"நீ எல்லா மெஷினுக்கும் அனுப்பச் சொன்னியா, இல்லியா?" என்றார் முதலாளி.

"சொன்னேன் சார். ஆனா இந்த மாதிரி சொல்லலை."

வியாபாரி இதற்குள் ஷூவைக் கழற்றிவிட்டு ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டார். நாலடி நடந்தார். பரந்தாமனைப் பார்த்தார், கீழே குனிந்து பார்த்தார், சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு முதலாளியின் காதில் ஏதோ சொன்னார்.

முதலாளி பரந்தாமனைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் என் ஸ்டோர் கதவுக்குப் பக்கத்தில்.

"மொத்தமும் எடுத்துக்கறாராம். வருஷம் பூரா இதே டிசைன் கேக்கறாரு. அவங்க ஊர்ல மேனேஜரை மிதிக்க ஜனம் ஜாஸ்தி ரேட் குடுக்குமாம். உன் மூஞ்சி, அதனால உன் கையெழுத்து வேணும்."

"சார்... மிதிப்பாங்க சார்."

"செருப்புன்னா மிதிக்காம? வேணாம்னா சொல்லு, லாட்டை எரிச்சிட்றேன். டைரக்டர் பேச்சு அதோட போச்சு. கையெழுத்துப் போட்டின்னா, இன்னிக்கே டைரக்டர்."

ஆபீஸ் மொத்தமும் கதவுப் பக்கம் சாய்ந்தது. எனக்கே ஒரு நிமிஷம் அந்த ஆள்மேல் இரக்கம் வரப் பார்த்தது. ரோஷம் என்று ஒன்று மனுஷனுக்கு எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும், கையெழுத்துப் போடமாட்டார் என்றுதான் நினைத்தேன். பரந்தாமன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எந்தக் கால்ல சார்?"

"இனிமே இடது கால்ல நீ. வலது கால்ல அவங்க கம்பெனி மார்க்."

அப்போதுதான் அவர் முகம் நிஜமாகவே வாடியது.

"அது எப்படி சார்? இடது காலுன்னா நாலு பேரு இன்னா நெனைப்பாங்க? வலது காலையும் நமக்கே குடுக்கச் சொல்லுங்க சார்."

உள்ளே போய் மத்தியானம் வரை பேரம் பேசினார்கள். வெளியே வந்தபோது பரந்தாமனின் கோட்டுப் பொத்தான்கள் விறைத்து நின்றன. எழுந்து நிற்காதவர்கள் யார் யார் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"வலது காலும் வாங்கிட்டேன்."