பூட்ஸ் அறைப் பலகை

முதலில் அறையைச் சொல்லிவிடுகிறேன். அறை புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

எங்கள் கப்பல் சிறியது. பெரிய கப்பல்களில் இருக்கும் நீச்சல் குளமும் நடன மேடையும் இதில் கிடையாது. மேல்தளத்தில் மூன்று பக்கமும் கண்ணாடி போட்ட ஒரு கூடம், அதன் கீழே பறவைகளையும் பாறைகளையும் பற்றி வகுப்பு நடக்கும் அறை, ஒரு மூலையில் தடித்த புத்தகங்களும் பாதி சேர்த்த படப்புதிரும் கிடக்கும் நூலகம், எல்லாவற்றுக்கும் கீழே, தண்ணீருக்குக் கை எட்டும் உயரத்தில், என் பூட்ஸ் அறை. மனிதர் இல்லாத தீவுகளைப் பார்ப்பதற்காகவே பணம் கட்டி வருகிறவர்கள், அந்த அறையின் பக்கக் கதவு வழியாகத்தான் ரப்பர் படகில் இறங்கிக் கரைக்குப் போவார்கள். திரும்பி வந்ததும் அவர்களுடைய பூட்ஸைத் தேய்த்து மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்து ரேக்கில் அடுக்குவது என் வேலை. ஒரு தீவின் மண்ணோ விதையோ அடுத்த தீவுக்குப் போய்விடக்கூடாது. கப்பலில் எனக்குப் பேரே 'பூட்ஸு'தான்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு பயணிக்கும் அறை எண் எழுதிய ஒரு வட்ட வில்லை, கணவன் மனைவி என்றால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. ஒரு புறம் பச்சை, மறுபுறம் சிவப்பு. கரைக்குப் போகும்போது சிவப்புத் தெரியத் திருப்ப வேண்டும், வந்ததும் பச்சைக்கு. அவரவர் வில்லையை அவரவர்தான் திருப்ப வேண்டும் என்பது விதி. கடைசியில் பலகை முழுக்கப் பச்சையாக இருந்தால்தான் நங்கூரத்தைத் தூக்குவார்கள்.

இந்த விதியை உடைத்துக்கொண்டே இருந்தவர் ஒருவர்தான். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்பே கதவருகில் நிற்பார் என்பதால் மற்றப் பயணிகள் அவருக்கு 'டைம்கீப்பர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். அவர் மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்தவர். முந்தின வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை ஆகி, இப்போது நன்றாகவே நடக்கிறார். ஆனால் டைம்கீப்பர் அந்த வழுக்கலிலிருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை. மாடிப்படியில் மனைவிக்கு முன்னால் ஒரு படி இறங்கி நின்று கை நீட்டுவார். மாத்திரையை அவரே உறையிலிருந்து பிதுக்கிக் கொடுப்பார். முதல் நாள் வகுப்பிலேயே, படகில் இறங்க விருப்பமில்லாதவர்கள் யார் என்று கேட்டபோது, மனைவிக்கும் சேர்த்துக் கை தூக்கினார்.

அந்த அம்மாள், "நீங்களாவது போய் போட்டோ எடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

அதனால் ஒவ்வொரு தீவுக்கும் அவர் மட்டும் போவார். மனைவி கீழே வந்து வழியனுப்புவார். அவர் ஜாக்கெட்டை மாட்டி, பூட்ஸைப் போட்டு, பலகைக்கு வந்து தன் வில்லையையும் மனைவியின் வில்லையையும் சேர்த்தே திருப்பிவிட்டுப் போவார்.

"சார், அம்மா இங்கதான இருக்காங்க. ஒண்ணைத் திருப்பினா போதும்."

"கை பழகிப்போச்சும்மா. வீட்ல கதவு பூட்டறதும் நான், லைட்டு அணைக்கறதும் நான், ரெண்டு பேருக்கும் கையெழுத்துப் போடறதும் நான்."

"வாங்கற மூச்சையும் எனக்குச் சேத்தே வாங்கிடுவார்" என்பார் அம்மாள்.

அவர் படகில் போனதும் அம்மாளின் வில்லையை நான் பச்சைக்குத் திருப்பி வைப்பேன். விதிப்படி நானும் தொடக்கூடாது. ஆனால் அது தவறாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் வேலை செய்ய முடியாது. கப்பல் அதிகாரியிடம் கேட்டபோது, "நீ திருப்பலாம், பயணி திருப்பக்கூடாது" என்றார். அப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

அன்று காலையும் அப்படித்தான் நடந்தது. சின்னத் தீவு, கூழாங்கல் கரை, அதன் நடுவில் மனிதர் விட்டுப்போன ஒரு மரக்கொட்டகை, மேலே பாறைச் சரிவில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டிய கடற்பறவைகள். டைம்கீப்பர் முதல் படகில் போனார். இரண்டு வில்லையும் சிவப்பு. ஒன்றை நான் பச்சையாக்கினேன்.

கடைசிப் படகுக்கு ஆட்கள் தயாராகும்போது அம்மாள் மறுபடி கீழே வந்தார். தலையில் கம்பளித் தொப்பி.

"எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் எடு கண்ணு."

நான் பறவையக்காவைப் பார்த்தேன். கரையில் பயணிகளை நடத்திக் கூட்டிப் போகிறவர்களுக்குத் தலைவி அவர்தான். பறவைகளைப் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசுவார், மனிதர்களிடம் நாலு வார்த்தைதான்.

"முந்தாநேத்தே கேட்டாங்க" என்றார் பறவையக்கா. "இங்க வச்சே ஏறி இறங்கிக் காட்டினாங்க. உன்னவிட நல்லா ஏறினாங்க."

"சாருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் இங்க நிப்பேனா?" என்று அம்மாள் சிரித்தார். "முப்பது வருஷம் ஊர்ல இருக்கறவங்க பேச்சையெல்லாம் காதுல வாங்கிட்டு ஒரு வார்த்தை வெளிய விட்டதில்ல நான். நீயும் விடாத. அவர் சரிவு மேல ஏறியிருப்பார். நான் கரையோட நின்னு பாத்துட்டு அவருக்கு முன்னாடி வந்துடறேன்."

"அடுத்த படகு வந்ததும் ஏறிடணும்மா" என்றார் பறவையக்கா. "பறவை எதிர்ல வந்தா நின்னுடணும். அதுக்குத்தான் முதல் வழி. நாம கிட்டப் போகக்கூடாது."

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாளின் இடது கால் ஒரு விரல் கனம் குட்டை. இடது பூட்ஸில் இன்னொரு உள்ளட்டையைப் போட்டுக் கொடுத்தேன். அவர் எழுந்து நின்று இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி ஊன்றிப் பார்த்தார். பிறகு பலகைக்குப் போனார். தன் வில்லையைத் தானே சிவப்புக்குத் திருப்பினார். பயணம் தொடங்கியதிலிருந்து அவர் அதைத் தொட்டது அப்போதுதான்.

படகோட்டி நீட்டிய முன்கையைப் பிடித்துக்கொண்டு ஒரே எட்டில் இறங்கி உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

பனிமூட்டம் அந்தப் பக்கம் சொல்லிவிட்டு வருவதில்லை. நான் உள்ளே உலர்த்தும் அறையில் ஈர ஜாக்கெட்டுகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோது கப்பலின் சங்கு ஊதியது. வெளியே வந்து பார்த்தால் தீவு இல்லை. வெள்ளை மட்டும்தான். கரையிலிருந்து படகுகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து முட்டின. ஆட்கள் மொத்தமாக ஏறி வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பூட்ஸைக் கழற்ற வேண்டியிருந்தது. தரையெல்லாம் தண்ணீர். நான் குனிந்தபடி தேய்த்துக்கொண்டிருந்தேன், முகங்களைப் பார்க்க நேரமில்லை. பலகைப் பக்கம் வில்லைகள் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

கூட்டம் கலைந்து மேலே காபிக்குப் போனது. சுவரிலிருந்த போன் அடித்தது. மேலே, கப்பலை ஓட்டும் பிரிட்ஜிலிருந்து அதிகாரி.

"பூட்ஸு, கரையில கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் யாரும் இல்லைன்னு பறவையக்கா சொல்றாங்க. கடைசிப் படகுல ஏறப் போறாங்க. பலகை என்ன சொல்லுது?"

பலகையைப் பார்த்தேன். முழுக்கப் பச்சை.

"எல்லாம்" என்று ஆரம்பித்தேன். வாய் நின்றுவிட்டது. அம்மாளின் பூட்ஸை நான் கழுவவில்லை.

அது மட்டும் நிச்சயம் என்று நினைத்தேன், அடுத்த கணமே அது நிச்சயமா என்று தோன்றியது. இத்தனை ஜோடியில் உள்ளட்டை போட்ட ஒன்றைக் கவனிக்காமல் முக்கியிருக்க மாட்டேனா? ரேக்கைப் பார்த்தேன். அவர் இடம் காலி. ஆனால் பூட்ஸோடே மாடி ஏறிப் போகிறவர்களும் உண்டு, தினமும் ஒருவரையாவது விரட்டிப் பிடித்துக் கழற்ற வேண்டியிருக்கும். பலகைதான் கணக்கு, என் ஞாபகம் கணக்கில்லை என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

பெஞ்சில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். டைம்கீப்பர். கண்ணாடியின் ஈரத்தைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பூட்ஸு, இருக்கியா?" என்றது போன்.

"ஒரு நிமிஷம் சார்." போனை மார்பில் அழுத்திக்கொண்டேன். "சார், அம்மாவோட வில்லையைத் திருப்பினது யாரு?"

"நான்தான். ரெண்டையும் திருப்பிட்டுப் போனேன், வந்து பாத்தா ரெண்டும் சிவப்பாவே இருந்துது, ரெண்டையும் திருப்பி வச்சிட்டேன். இன்னைக்கும் திட்டப் போறியா?"

"அம்மாவைப் பாத்தீங்களா?"

"மேல படுத்திருப்பா. எங்க போவா?"

அம்மாளுக்குக் கொடுத்த வாக்கு எனக்கு நினைவில்லாமல் இல்லை. போனைக் காதுக்கு எடுத்து, அவர் காதிலும் விழும்படியே சொன்னேன். "ஒருத்தங்க இன்னும் கரையில இருக்காங்க. பலகை தப்பு. இங்கிருந்து கடைசிப் படகுல கரைக்குப் போன அம்மா, இடுப்பு ஆபரேஷன் ஆனவங்க. திரும்பி வரல."

"நிச்சயமா?"

"அவங்க பூட்ஸ் வரல சார்."

அந்தப் பக்கம் அதிகாரி போனை வைக்காமலே வாக்கி டாக்கியில் பேசுவது கேட்டது.

டைம்கீப்பர் எழுந்து நின்றுவிட்டார். கண்ணாடி கையிலேயே இருந்தது. "யாரு கரையில? எங்க வீட்லயா?"

"ஆமா சார். அவங்களே கேட்டுப் போனாங்க. அக்காதான் பாத்து அனுப்பினாங்க."

"அவளால நிக்க முடியாதும்மா. கல்லுக் கரை அது. நானே ரெண்டு தடவை தடுமாறினேன்." அவர் பக்கக் கதவை நோக்கி நடந்தார். காலில் வெறும் காலுறை. நான் குறுக்கே போய் நின்றேன். எனக்கு அவரைப் பிடித்து நிறுத்தத் தைரியம் இல்லை, நிற்க மட்டும் முடிந்தது.

"படகு இல்ல சார். இருக்கற படகு அங்கதான் இருக்கு. அக்கா இறங்கித் தேடிட்டிருக்காங்க."

அவர் பலகையைப் பார்த்தார். தன் வில்லை, பக்கத்தில் மனைவியின் வில்லை. எழுதியிருந்த எண்ணை விரலால் தொட்டார். அப்போதுதான் அவருக்கு முழுதாக விளங்கியது என்று நினைக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் திருப்பலேன்னா முன்னாடியே தேடிருப்பீங்க."

நான் இல்லை என்று சொல்லப் பார்த்தேன். பொய்யாக இருக்கும். "இப்ப தேடறாங்க சார்" என்று மட்டும் சொன்னேன்.

சங்கு விட்டு விட்டு ஊதிக்கொண்டிருந்தது. இடையிடையே வெள்ளைக்குள்ளிருந்து பறவைகளின் இரைச்சல். டைம்கீப்பரின் காலுறை நனைந்திருந்தது. உலர்ந்த ஜோடி ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

போனில் மறுபடி குரல் வந்தபோது, அவருக்கும் கேட்கும்படி அதை எடுத்துப் பிடித்தேன்.

"கிடைச்சுட்டாங்க. கொட்டகைக்குப் பின்னாடி. நல்லா இருக்காங்க."

"அடி கிடி?" என்று கேட்டேன். டைம்கீப்பர் என் முகத்தையே பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல. காத்துக்கு ஒதுங்கிப் பின்பக்கம் போயிருக்காங்க. வர வழியில ஒரு பறவை குஞ்சோட வந்து குந்திக்கிச்சாம். அதுக்குத்தான் முதல் வழின்னு அக்கா சொல்லியிருக்காங்க இல்ல, அது எழுந்து போகட்டும்னு நின்னுட்டே இருந்திருக்காங்க. படகு கிளம்பற சத்தம் கேட்டும் தாண்டி வரல. இப்பவும் சுத்திக்கிட்டுத்தான் வரேன்னு அக்காகிட்டச் சண்டை."

டைம்கீப்பரின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

படகின் இரைச்சல் முதலில் வந்தது, பிறகு முனை, பிறகு ஆரஞ்சு ஜாக்கெட்டில் அம்மாள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கு சிவந்திருந்தது. டைம்கீப்பர் கதவில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

"சார், கொஞ்சம் நகருங்க" என்றார் படகோட்டி. "அவங்களுக்கு ஏறத் தெரியும்."

அவர் கைகளை இழுத்துக்கொண்டார். எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அம்மாள் படகோட்டியின் முன்கையைப் பற்றி, ஒரு கால், இன்னொரு கால் என்று ஏறி உள்ளே வந்தார். மருந்துத் தண்ணீரில் அவரே கால் வைத்தார். பிறகுதான் கணவனைப் பார்த்தார்.

"சொல்லிட்டுப் போகக்கூடாதா?" என்றார் அவர்.

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேம்மா."

"நல்ல வேளை. அந்தப் பறவை இன்னைக்குள்ள எழுந்திருக்கிற மாதிரித் தெரியல."

பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸை என் பக்கம் நீட்டினார். நான் குனிந்து கழற்றும்போது பார்த்தேன், அவர் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. குளிரா வேறெதுவுமா, தெரியவில்லை. டைம்கீப்பரும் பார்த்திருக்க வேண்டும். அவர் கை முதுகுக்குப் பின்னாலிருந்து பாதி தூரம் வந்தது. நின்றது.

"பயந்துட்டியா?"

"சங்கு ஊதினப்போ பயந்தேன். விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு." அம்மாள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அதுக்கு முன்னாடி நல்லா இருந்துது. ஒரு வருஷமா பின்னாடி யாராவது 'பாத்து, பாத்து'ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. அங்க ஒருத்தர் கூடச் சொல்லல. நான்தான் பாத்துப் பாத்து நடந்தேன்."

"நான் பலகையில உன்ன வரவச்சிட்டேன்" என்றார் அவர். "நீ அங்க நிக்கற, நான் இங்க பச்சைக்குத் திருப்பிட்டேன். இந்தப் பொண்ணு இல்லேன்னா..."

அம்மாளுக்கு அது புதுச் செய்தி. பலகையைப் பார்த்தார், கணவனைப் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்து நான் பூட்ஸை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பிவிட்டேன். அவற்றைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

"அந்தக் காலுறையை மாத்துங்க" என்றது அம்மாளின் குரல். "பக்கத்துல காஞ்சது வச்சிருக்கு பாருங்க. சளி பிடிச்சா நான்தான் பாக்கணும்."

மேலே நங்கூரச் சங்கிலி உருளத் தொடங்கியது. டைம்கீப்பர் காலுறையை மாற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏம்மா, நாளைக்கும் ஒரு தீவு இருக்கில்ல? அவ எந்தப் படகு?"

"இன்னும் பிரிக்கல சார்."

"அவளை ஒண்ணுல போடு. என்னை வேற ஒண்ணுல போடச் சொல்லு."

"எதுக்கு வேற படகு?" என்றார் அம்மாள் பெஞ்சிலிருந்தே. "ஒரே படகுல வாங்க. எதிர்ப்பக்கம் உக்காருங்க. ஏறும்போது என் கையப் பிடிக்கக்கூடாது."

"இறங்கும்போது?"

அம்மாள் கொஞ்சம் யோசித்தார்.

"கரை வழுக்கலா இருந்தா கேக்கறேன்" என்றார்.