படம் பிடிக்கக் கூடாது

மகள் டீகன் மனிதக் கோபுரத்தின் உச்சியிலிருந்து விழுந்தபோது, ரோண்டா வாசலில் போன் கூடையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல! டெக்சஸில் அவர்கள் ஊரில், பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி ஏறி ஆடும் சியர்லீடிங் கூடத்தில், முதல் போட்டி முடியும்வரை ஆட்டத்தை யாரும் படம் பிடிக்கக் கூடாது, எதிரணிக்காரர்கள் திருடிவிடுவார்களாம். பயிற்சி பார்க்க வரும் தாய்மார்கள் போனைக் கூடையில் போட்டுவிட்டுத்தான் ஜன்னல் பக்கமே போகலாம். கூடைக் காவலை ரோண்டா தானாகக் கேட்டு வாங்கியிருந்தாள். போன வருஷம் ஒருத்தி வெளியூரிலிருக்கும் கணவனுக்கு அனுப்பத் துளியூண்டு படம் பிடித்தாள் என்று, அவள் மகள் ஷெல்பியை அணியைவிட்டே துரத்த வைத்த புண்ணியவதியும் இவள்தான்.

டீகனுக்கு முழங்கை முறிந்தது. கோச் ப்ராக் ஆஸ்பத்திரிக்கு வந்து, நின்றபடியே பேசினான்.

"மேல போனதும் உடம்பைத் தளர விட்டுட்டா. பயந்தாங்கொள்ளியை உச்சியில வைக்க முடியாதுங்க. வேற பொண்ணைப் பார்க்கிறேன்."

"இத்தனை வருஷமா ஏறுறவ இன்னிக்குத்தான் பயந்தாளாக்கும்? பின்னால நின்னு பிடிக்க வேண்டியது மேசிதானே, அவ பிடிச்சாளா?"

மேசி அவனுடைய அக்கா மகள்.

"பிடிக்கலைன்னு படம் இருந்தா காட்டுங்களேன்" என்றான் ப்ராக். ரோண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாப் போனும் அவள் காவலில் கூடைக்குள்தானே கிடந்தது!

மறுநாள் கூடத்துக்கு வெளியே லொரீனா அவளைத் தன் காருக்குள் கூப்பிட்டாள். லொரீனாவின் மகளும் அதே அணிதான்.

"உன் கூடையில நான் போட்டது பழைய போன், தெரியுமா? இதைப் பாரு."

அவள் நீட்டிய போனில் டீகன் விறைப்பாக, அழகாக இறங்கிக்கொண்டிருந்தாள். கீழே மேசி கழுத்தைத் திருப்பி, சுவரிலிருந்த நிலைக்கண்ணாடியில் தன் கொண்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை நீளவே இல்லை.

"எனக்கு அனுப்பு லொரீனா. கெஞ்சிக் கேக்குறேன்."

"அனுப்பினா என் பொண்ணை நாளைக்கே வெளிய தள்ளுவான். ஷெல்பி அழுதுக்கிட்டே போனப்ப, சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்னு முழங்கினது யாரு? உன் பொண்ணு மேல தப்பில்லைன்னு நீயாச்சும் தெரிஞ்சுக்கணும்னுதான் காட்டினேன்."

சொல்லிக்கொண்டே படத்தை அழித்தாள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்திருந்தாள்.

"தெரியும்மா. அவ கை என் மேல படவே இல்லையே" என்றாள் டீகன்.

"பின்ன ஏன்டி வாயைத் திறக்கலை?"

"திறந்தா அவ்வளவுதான். எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டா, கை சரியானதும் மறுபடி உச்சியில ஏத்துறேன்னு கோச் சொல்லியிருக்கார். நீ நடுவுல வந்து கெடுத்துடாதே, உனக்குக் கோடிப் புண்ணியம்."

யாரால் கோபுரம் சரிந்ததோ அவள் அணியின் முன் நின்று மன்னிப்புக் கேட்பது அந்தக் கூடத்து வழக்கம். சனிக்கிழமை டீகன் கட்டுப்போட்ட கையோடு, தலையில் பெரிய ரிப்பனோடு நின்றாள்.

"என்னாலதான் எல்லாம். மேசி, உன்னையும் பயமுறுத்திட்டேன். சாரி."

மேசி ஓடிவந்து கட்டிக்கொண்டு தேம்பினாள். எல்லோரும் கைதட்டினார்கள். ப்ராக் தன் போனை உயர்த்தி முழுவதையும் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நம்ம பொண்ணுங்க மனசு எப்படிப்பட்டதுன்னு ஊரே பார்க்கட்டும். அம்மாமாருங்களா, எல்லாரும் ஷேர் பண்ணுங்க!"

காரில் வரும்போதே படம் வந்துவிட்டது. லொரீனா முதல் ஆளாக இதயம் போட்டிருந்தாள்.

"அம்மா, நீயும் ஷேர் பண்ணும்மா. யார் யார் பண்ணலைன்னு கோச் பார்ப்பார்" என்றாள் டீகன்.

சிக்னலில் கார் நின்றதும் ரோண்டா போனை எடுத்தாள். 'என் செல்லத்தை நினைத்துப் பெருமைப்படுகிறேன்' என்று எழுதி, பகிர்ந்தாள்.