கடல் பக்கத்து வாசல்

"ஒரு நாள் என்னை அதுக்குள்ளே கூட்டிட்டுப் போவீங்களா?"

"அரண்மனை எங்கே ஓடப் போகுது ஹனிம்? மெதுவா போகலாம்."

கல்யாணமான புதிதில், போஸ்பொரஸ் ஜலசந்திப் படகின் மேல்தட்டில் நின்று ஹந்தான் கேட்டதும் ரிஃபத் சொன்னதும் இவ்வளவுதான். மனைவியை அவர் மரியாதையாக ஹனிம் என்றுதான் கூப்பிடுவார். அதே படகுகளின் இயந்திர அறையில்தான் ரிஃபத் தன் காலத்தைக் கழித்தார். தினமும் தொல்மாபாச்சே அரண்மனையைக் கடந்து போனார். உள்ளே போகத்தான் வேளை வரவில்லை.

இன்று காலை அவரே முகம் மழித்து, டை கட்டிக்கொண்டு, "கிளம்பு" என்றார். திங்கட்கிழமை அவருக்கு இதய அறுவைச் சிகிச்சை. ஹந்தானுக்குப் புரிந்துவிட்டது: பாக்கி வைத்ததையெல்லாம் முடிக்கப் பார்க்கிறார். அடுத்து அதைக் கேட்பார்.

திரும்பி வருவோமா என்று தெரியாத பயணத்துக்கு முன் அவர்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்பதுதான்: என்மேல் உனக்குள்ள உரிமைகளை ஹலாலாக்கிவிடு, அதாவது நான் உனக்குப் பட்ட கடனையும் செய்த குறையையும் மன்னித்து என்னை விடுவித்துவிடு. ஹந்தானின் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவளிடம் கேட்டார். அவளும் ஹலால் என்றாள். அப்பா திரும்பவில்லை. இவரைக் கேட்கவே விடக் கூடாது என்று வந்திருந்தாள்.

வாசலில் காலணிக்கு மேல் மாட்ட பிளாஸ்டிக் உறை கொடுத்தார்கள். அவரால் குனிய முடியவில்லை. அவளே மண்டியிட்டு மாட்டிவிட்டாள். அவர் அவள் தலைக்கு மேல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே பிரெஞ்சுக்காரன் மாளிகை மாதிரித் தூண்களும் பூவேலையும். உள்ளே படிகத் தண்டுகள் வைத்த கைப்பிடிப் படிக்கட்டு. அதைத் தாண்டினால் அவர்கள் ஊர்ப் பழைய வீடுகளின் நடுக்கூடம், தனியே பெண்கள் பகுதி.

"கட்டினவனுக்கு எந்த ஊர் வீடு வேணும்னே தெரியலை போல," என்றார் ரிஃபத். "நம்ம வீடு மாதிரியே இருக்கு. உங்கம்மா சோபா, எங்கம்மா கம்பளம், தவணையிலே வாங்கின ஃபிரிட்ஜ்."

"அந்த சோபாவிலேதான் இத்தனை வருஷமா குறட்டை விட்டீங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு மூச்சு வாங்கலில் முடிந்தது.

கடல் பக்கத்து வாசலருகே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இரும்புக் கதவுக்கு அப்பால் ஒரு படகு போயிற்று. "ஹனிம்..." என்று ஆரம்பித்தார். அவள் உடனே பையிலிருந்து எள் வளைய ரொட்டியை எடுத்துப் பிட்டுக் கொடுத்தாள். மறுபடி வாய் திறந்தார். குளிர்கிறதே என்று மப்ளரைச் சுற்றிவிட்டாள். மூன்றாம் முறை அவர் வாயே திறக்கவில்லை. ரொட்டித் துண்டைக் கையில் வைத்தபடி, பள்ளியில் பேச்சு நிறுத்தப்பட்ட பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார்.

கேட்காமலே போய்விடுவார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த நெஞ்சோடு, இந்தச் சுமையையும் தூக்கிக்கொண்டு.

அவர் கையைப் பிடித்தாள். இயந்திர எண்ணெய் ஏறிய ரேகைகள் இன்னும் கறுப்பாகவே இருந்தன.

"நானே முதல்லே கேட்டுடறேன்," என்றாள். "என்மேலே உங்களுக்கு இருக்கிற உரிமையெல்லாம் ஹலாலாக்கிடுங்க ரிஃபத்."