முன்னால் போனவள்

என் மகன் தோற்றிருந்தால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். எங்கள் குடும்பத்தில் தோற்றவர்கள் உண்டு, தலை குனிந்தவர்கள்தான் கிடையாது. அன்று காலை நான் கண்டது தோல்வி அல்ல. அதற்கு என்ன பெயர் வைப்பதென்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

மகனுக்கு வங்கியில் வேலை. வேலை போக மீதி நேரமெல்லாம் டைம் ட்ரையல் என்கிற சைக்கிள் பந்தயப் பித்து. கூட்டமாக ஓட்டுகிற பந்தயம் அல்ல இது. ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகக் கிளப்பிவிடுவார்கள். யாரையும் அண்டாமல், எதிர்காற்றோடு தனியாக மல்லுக்கட்டி, கடிகாரத்தை ஜெயிக்க வேண்டும். அதனால் அந்த ஆட்டத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதை. உடம்போடு ஒட்டிக் கிடக்கும் அந்த உடுப்பைத்தான் சகிக்க முடியவில்லை. அதை அவன் போட்டதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. போன வருடம் ஒருநாள் மருமகளும் அதே உடுப்போடு கூடத்தில் வந்து நின்றாள்.

"மாமா, நானும் இனிமே அவரோட பிராக்டிஸ் போறேன்."

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். ஊசி ஏறியதே தெரியாமல் ரத்தம் எடுத்துவிடுவாள். சம்மதம் வாங்குவதிலும் அதே கைப்பழக்கம். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். நெடுஞ்சாலையில் லாரிகள் பறக்கின்றன. வீட்டுப் பெண்ணைப் பின்னால் தவிக்கவிட்டு இவன் முன்னால் பறக்கக் கூடாது. அவள் முன்னால் போக வேண்டும், இவன் கண்பார்வையிலேயே வைத்துக்கொண்டு பின்னால் வர வேண்டும். அதுதான் நம் வீட்டு ஆண்பிள்ளைக்கு அழகு என்றேன். மகன் மறுபேச்சுப் பேசவில்லை. அன்று முதல் தினமும் காலையில் அவள் முன்னாலும், ஒரு சாண் தள்ளி அவன் பின்னாலுமாகத் தெருமுனை திரும்புவார்கள். பால்கனியில் நின்று பார்ப்பேன். மனசு நிறைந்துவிடும்.

மகனின் வேகம் மாதாமாதம் ஏறியது. வெளியூர்ப் போட்டிக்குப் போகும் அவனுடைய சைக்கிள் சங்கக் குழுவில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. ஆணோ பெண்ணோ, சங்கம் நடத்தப்போகிற பந்தயத்தில் யார் வேகமோ அவர்களுக்கு அந்த இடம். அது என் மகனுக்குத்தான் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். நான் வேலை பார்த்த சுங்க அலுவலகத்தில் நான் ஒன்றைச் சொல்லிவிட்டால் மறுபடி கேட்கமாட்டார்கள். சொந்தக்காரர்களிடமும் எனக்கு அந்தப் பெயர் உண்டு.

பந்தய நாள் வந்தது; மருமகளும் பெயர் கொடுத்திருந்தாள். சங்கச் செயலாளர் மருந்துக்கடை வைத்திருப்பவர். "சார், திரும்புற இடத்துல நடுவரா நீங்கதான் நிக்கணும். உங்க முன்னாடி ஒருத்தனும் வாலாட்ட மாட்டான்" என்று கையில் சிவப்புக் கொடியைத் திணித்தார். பிறகு போட்டியாளர்கள் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார்.

"உங்களை முந்திட்டுப் போறவங்க பின்னாடி ஒட்டிக்கக் கூடாது. முன்னாடி போறவர் காத்தைக் கிழிச்சுக் குடுப்பாரு, பின்னாடி வர்றவருக்கு உழைப்பு மிச்சம். அது ஓசிச் சவாரி. பாத்தா பேரை அடிச்சிருவேன். எவனா இருந்தாலும் சரி."

நான் பலமாகத் தலையாட்டினேன். சீட்டுக் குலுக்கியதில் மகன் முதலில், அவனுக்கு அடுத்த நிமிடம் மருமகள் என்று வந்தது.

என் மனைவியின் தம்பி காரில் என்னைத் திரும்பும் இடத்துக்குக் கூட்டிப் போனான். சாலையின் நடுவே ஒரு ஆரஞ்சுக் கூம்பு. அதைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும். அவன் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தான்.

"மச்சான், நீங்க நிக்கிற நிப்பைப் பாத்தா ரயிலே நின்னுரும் போல."

"வாயை மூடிட்டு ரோட்டைப் பாரு."

"மாப்பிள்ளை ஜெயிக்கலன்னா நம்ம எல்லாரும் வேற கிரகத்துக்குத்தான் குடி போகணும். நீங்க அடிச்ச தம்பட்டம் அப்படி."

தொலைவில் இரண்டு ஹெல்மெட்டுகள் தெரிந்தன. மருமகள் முன்னால், ஒரு சாண் தள்ளி மகன் பின்னால். தினமும் பால்கனியிலிருந்து பார்க்கிற அதே காட்சி. என் மனசு வழக்கம்போல நிறைந்தும்விட்டது. இருவரும் கூம்பைச் சுற்றினார்கள்.

"மச்சான்..." அவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "மருமக அவனுக்குப் பின்னாடிதானே கிளம்புச்சு?"

ஒரு நிமிடம் கழித்துக் கிளம்பியவள் அவனைப் பிடித்துவிட்டாள், முந்தியும்விட்டாள். அதையாவது விழுங்கிக்கொள்ளலாம். என் மகன் அவள் சக்கரத்தை விட்டு நகரவில்லை. திரும்பிப் போகிற சாலையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பார்த்தேன். அவள் குனிந்து காற்றில் முட்டிக்கொண்டு போகிறாள், அவன் அவள் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு போகிறான். கொடி என் கையில் தொங்கியது. அதை உயர்த்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மச்சினன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். "நான் ஒண்ணும் பாக்கல. இங்க வேற யாரும் இல்ல."

"நான் பாத்துட்டேன்."

"பெத்த புள்ள, மச்சான்."

"அதனாலதான்."

முடிவிடத்துக் கூடாரத்துக்கு நாங்கள் போனபோது மகன் புல்லில் மல்லாந்து கிடந்தான். சங்கத்து ஆட்கள் அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். செயலாளரிடம் நேரே போய், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னேன். "என் மகன் ஓசிச் சவாரி பண்ணினான். பேரை அடிங்க."

மகன் எழுந்து உட்கார்ந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "அப்பா, நானா?"

அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அதுதான் என்னை இன்னும் உலுக்கிவிட்டது. பொய் சொல்கிறவர்களைப் பார்த்தே காலம் கழித்தவன் நான். அந்த முகம் பொய் சொல்லவில்லை.

மருமகள் ஓடி வந்தாள். "மாமா, அவர் வேணும்னு பண்ணல. தினமும் அப்படித்தானே வருவாரு..." என்றவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

செயலாளரின் பேனா நின்றது. "தினமுமா? பிராக்டிஸ் முழுக்கவா?"

அவள் தண்ணீர்ப் பாட்டிலைத் திருகி மூடினாள்.

"அடக்கடவுளே. அப்ப இத்தனை மாசமா இந்தப் பொண்ணு காத்தைக் கிழிச்சிருக்கு, தம்பி பின்னாடி நோகாம வந்திருக்காரு. ஏறினது இந்தப் பொண்ணு வேகம்தான்யா! பந்தயத்துக்குப் பழகறவன் எவனாவது இப்படிப் பழகுவானா? யார் குடுத்த யோசனை இது?"

மருமகள் தரையைப் பார்த்தாள். மகன் ஷூவின் நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். இருவரும் என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அந்தப் பிள்ளைகள் படுகிற பாடு எனக்குப் பொறுக்கவில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. மச்சினன்கூட.

செயலாளர் தாளை இரண்டு முறை சரிபார்த்தார். "சார் வீட்டுக்குத்தான் இடம் வருது. ஆனா உங்க மருமகளுக்கு. ஏம்மா, போறியா?"

அவள் முதலில் புருஷனைப் பார்ப்பாள், பிறகு என்னைக் கேட்பாள் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"போறேன்" என்றாள், கணீரென்று.

அவளுடைய சைக்கிளைக் கழற்றிக் காரின் பின்னால் ஏற்றினோம். மகன் தன் சைக்கிளைக் கொடுக்க மறுத்துவிட்டான்.

"நான் ஓட்டிட்டே வரேன்பா. தனியா என்னால எவ்வளவு முடியும்னே எனக்குத் தெரியல."

அவன் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் மச்சினன் காரை நகர்த்தினான். வேகத்தைக் கூட்டப் போனவனை மருமகள் பின்சீட்டிலிருந்து தடுத்தாள். "முந்திராதீங்க சித்தப்பா. முன்னாடி போனா அவருக்குக் காத்து மறைஞ்சிரும்."

கார் ஊர்ந்தது. முன்கண்ணாடி வழியாக என் மகனின் முதுகு மட்டும் தெரிந்தது. காற்று அவனை முன்னேற விடாமல் இழுத்துப் பிடித்திருந்தது. தோள் அப்படியும் இப்படியும் ஆடியது. வேகமுள்ளைப் பார்த்த மச்சினன் கையால் அதை மறைத்துக்கொண்டான்.

நான் அந்தக் கையை விலக்கிவிட்டுப் பார்த்தேன்.