வாளி தூக்கிய கை

பாளையம்பட்டியில் சங்கரலிங்கத்தின் மாட்டுத்தீவனக் கடைக்குப் பின்னால்தான் வீடு. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அவருடைய மனைவி கனகலட்சுமி செல்போன் வழியாக ஓவிய வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். ஐந்து மாதம் செம்பும் மாம்பழமும் வரைந்தாள். பிறகு ஆசிரியை, பழைய வெளிநாட்டு ஓவியர் ஒருவரின் படத்தை அனுப்பி, அப்படியே பார்த்து வரையச் சொன்னார். ஒரு பெண் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படம். வெள்ளை, காவிமஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகிய நான்கு வண்ணங்களைத்தான் தொடலாம்.

பாவாடை நீலமாகத் தெரிந்தது. நீலமே இல்லாமல் எப்படி என்று இரண்டு நாள் தவித்தாள். கறுப்பில் வெள்ளையைக் கலந்து மஞ்சள் சுவரை ஒட்டித் தீட்டியபோது அது நீலமாகவே தெரிந்தது. கடைக்கு ஓடிக் கணவரை அழைத்துவந்து காட்டினாள்.

கைதான் வரவில்லை. நான்கு தடவை சுரண்டிவிட்டு மறுபடி தீட்டினாள்.

“வெறும் வாளியத் தூக்குற மாதிரி இருக்கு” என்றார் சங்கரலிங்கம்.

அவள் முகம் வாடிப்போனது. அவர் உள்ளே போய், வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு வெளிச்சத்தில் வந்து நின்றார்.

“எங்க இழுக்குதுன்னு பாரு.”

தோள் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. முழங்கைக்குக் கீழே நரம்பு புடைத்திருந்தது. இருபத்தாறு வருடமாக மூட்டை தூக்கும் கை. அதை இவ்வளவு நேரம் அவள் பார்த்ததேயில்லை.

“வலிச்சா கீழ வச்சிருங்க.”

“நீ போடு.”

புண்ணாக்கு வாங்க வந்த திருச்சுழிப் பக்கத்து விவசாயி ராமசுப்பு, கடையில் ஆள் இல்லாததால் பின்கட்டை எட்டிப்பார்த்தார்.

“என்ன மொதலாளி, வாளியோட நிக்கிறீக?”

“வீட்டுல படம் போடுறாக” என்றார் சங்கரலிங்கம், அசையாமல்.

“அப்ப முடியட்டும். பஸ்ஸுக்கு நேரமிருக்கு.” ராமசுப்பு ஒரு தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

முடித்து அனுப்பிய படத்தைப் பார்த்த ஆசிரியை, நிறங்கள் நன்றாக வந்திருப்பதாகவும், கை மட்டும் ஆண் கைபோல இருப்பதால் திருத்தும்படியும் எழுதியிருந்தார். கனகலட்சுமி வாசித்துக் காட்டினாள்.

“என்னால கெட்டுப்போச்சோ?”

“கெடல. நான் திருத்தப்போறதும் இல்ல.” செல்போனைக் கீழே வைத்தாள். “நாளைக்கு நீங்க சும்மா உக்காருங்க. பாத்து வரைய வேற படம் வேண்டாம்.”

மறுநாள் மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து சங்கரலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்தார். எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“என்னையப் பாருங்க” என்றாள்.