குணவதியின் தண்ணீர் டிரம்

தைப்பூசத்தன்று பினாங்கில் தாகத்துக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்கும் பஞ்சமில்லை. நாலடி நடந்தால் ஒரு தண்ணீர்ப்பந்தல் இருக்கும். மற்ற நாட்களில் மனிதர்களின் தொண்டையை யாரும் நினைப்பதில்லை என்பது குணவதியின் குறை. அதனால் லிட்டில் இந்தியாவில் தன் தையல் கடைக்கு முன்னால், அஞ்சடி நடைபாதையில், குழாய் வைத்த நீல டிரம் ஒன்றை வருஷம் முழுக்க வைத்திருந்தாள். காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டு, டிரம்மை நிரப்பிய பிறகுதான் தையல் மெஷினில் உட்காருவாள். அவளைப் பொறுத்தவரை பூஜை அங்கேதான் முடிந்தது.

ஒரு மதியம் இம்ரான் என்ற இளைஞன் வந்தான். கழுத்தில் டை, கையில் கறுப்புப் பெட்டி, முகமெல்லாம் வியர்வை. டிரம்மைப் பார்த்ததும் இரண்டு டம்ளர் மடமடவென்று குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, இந்தத் தண்ணிய டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்கீங்களா?" என்றான்.

அவன் வாட்டர் ஃபில்டர் விற்பவன். பெட்டியிலிருந்து இரண்டு கிளாஸ்களை எடுத்தான். ஒன்றில் டிரம் தண்ணீர், மற்றொன்றில் தன் மெஷின் சுத்தம் செய்ததாகப் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி, கரண்டைப் போட்டான்.

கொஞ்ச நேரத்தில் டிரம் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, சாக்கடைபோல் நுரைத்தது. பாட்டில் தண்ணீர் அப்படியே பளிங்காக நின்றது.

"இதத்தான் நீங்க ஊருக்கே குடுத்துக்கிட்டிருக்கீங்க, அக்கா."

எதிரே தன் மூன்று சக்கரத் திரிஷா வண்டியில் சவாரிக்குக் காத்திருந்த பக்கிரிசாமி இறங்கி வந்து கிளாஸுக்குள் எட்டிப் பார்த்தார். "அப்பவே நெனச்சேன். என் முட்டி வலிக்கு இதான் காரணம்."

"தண்ணி வயித்துக்குத்தானே அண்ணே போவும்?" என்றாள் குணவதி.

"வயித்திலேர்ந்து கீழதான் எறங்கும், குணா. நடுவுல முட்டி இருக்குல்ல."

குணவதி சிரிக்கவில்லை. தபால்காரர், தெருக்கூட்டுகிற அம்மா, வெயிலில் வாடிவரும் வெள்ளைக்காரர்கள் என்று தன் டிரம்மில் தண்ணீர் பிடித்துக் குடித்த முகங்களெல்லாம் அவள் கண்முன் வந்தன. டிரம்மில் சங்கிலியால் கட்டியிருந்த டம்ளரைக் கழற்றி உள்ளே வைத்தாள். டிரம்மைக் கவிழ்க்கக் குனிந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"ஐயோ தம்பி, நீ ரெண்டு டம்ளர் குடிச்சியே. வயிறு எப்படி இருக்கு?"

இம்ரான் விழித்தான். "எனக்கு ஒண்ணுமில்லக்கா."

"இப்ப தெரியாது. உக்காரு." அவனைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, மின்விசிறியை அவன் பக்கம் திருப்பிவிட்டு, கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரில் ஓமம் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தாள். "குடி. என்னால ஒரு புள்ளைக்கு எதாவது ஆனா நான் தாங்கமாட்டேன்."

அவன் குடித்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைக் கீழே வைத்தான்.

அதற்குள் செய்தி அடுத்த கடைக்கும் போய்விட்டது. நாணயம் மாற்றும் ஜபருல்லா பாய் வந்தார். உம்ராவுக்கு மக்கா போய் வந்தபோது கொண்டுவந்த புனித ஸம்ஸம் தண்ணீரை அவர் மருந்து பாட்டில் மூடியில் அளந்துதான் யாருக்கும் கொடுப்பார். இன்று பாட்டிலையே தூக்கிவந்து, மீதியிருந்ததை ஒரு கிளாஸ் நிறைய ஊற்றினார்.

"கவலப்படாத, தங்கச்சி. சுத்தமான தண்ணி எப்படி இருக்கும்னு பாத்துக்க. இதே மாதிரி வர்றதுக்கு என்ன மிஷின் வேணுமோ நான் வாங்கித் தரேன். தம்பி, கம்பிய எறக்கு."

இம்ரான் எழுந்து பின்வாங்கினான். "வேணாம் மாமா."

"கரண்ட் என் செலவுலா. எறக்கு."

"இல்ல மாமா. இதுவும் பழுப்பாயிடும்."

"ஸம்ஸமா?"

இம்ரான் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

"பழுப்பாவுறது தண்ணி இல்ல, மாமா. கம்பி. அது இரும்பு. நல்ல தண்ணியில இயற்கையா உப்புச்சத்து இருக்கும், அதுல கரண்ட் ஓடும், கம்பி கரையும். என் பாட்டில் தண்ணியில அந்தச் சத்து இல்ல, அதான் சும்மா நிக்குது. ஸம்ஸம்ல சத்து ரொம்ப ஜாஸ்தி. அதுல இந்தக் கம்பிய வைக்க எனக்குப் பயமா இருக்கு."

பக்கிரிசாமி நம்பவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து இம்ரானின் பளிங்குத் தண்ணீரில் போட்டு, "இப்ப வை" என்றார். கம்பியை இறக்கியதும் அதுவும் சாக்கடையானது. பக்கிரிசாமி உப்பு ஒட்டிய விரலைச் சட்டையில் துடைத்தார்.

ஜபருல்லா பாய் கோபப்படுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் ஸம்ஸம் கிளாஸை எடுத்து, பிஸ்மில்லா சொல்லி, முதலில் இம்ரானிடம் நீட்டினார். "ஊத்துனது ஊத்தியாச்சு. ஆளுக்கு ஒரு மொடக்கு." பக்கிரிசாமி தன் பங்கில் பாதியை முட்டியில் தடவிக்கொண்டார்.

"அப்ப என் தண்ணி நல்ல தண்ணிதானா?" என்றாள் குணவதி.

பொய் சொல்வதை விட்டுவிட்ட இம்ரானுக்கு இப்போது வாய் நிற்கவில்லை போலும். "பைப்புல வர்றது நல்லதுதான். குளோரின் வாசம் இருக்கும், கொஞ்ச நேரம் வச்சா போயிடும். ஆனா நீங்க டிரம்முக்கு எங்கேர்ந்து புடிக்கிறீங்க?"

"பின்னாடி குழாய்ல. மேல தொட்டியிலேர்ந்து வரும்."

"தொட்டிய எப்ப கழுவுனீங்க?"

குணவதி பாயைப் பார்த்தாள். பாய் பக்கிரிசாமியைப் பார்த்தார். இரண்டு கடைக்கும் பொதுவான அந்தத் தொட்டியை அவளும் பாயும், மற்றவர் கழுவுவதாகவே இத்தனை காலமும் நம்பியிருந்தார்கள்.

இம்ரான் டையைக் கழற்றினான். ஏணி வைத்து ஏறி, பேண்ட்டை மடித்துவிட்டு, தொட்டிக்குள் இறங்கினான். அடியில் செந்நிறச் சேறு படிந்திருந்தது. அதன் நடுவில் ஒரு பேட்மிண்டன் பூப்பந்து. மாலை வரை தேய்த்துக் கழுவினான். இறங்கி வந்து, இனி டிரம்முக்குத் தண்ணீரைத் தொட்டிக் குழாயில் பிடிக்க வேண்டாம், தெருவிலிருந்து நேராக வரும் சமையலறைக் குழாயில் பிடித்து, கொதிக்கவைத்து ஆறவைத்தால் போதும் என்றான்.

"அப்ப உன் மிஷின் யாருக்கு?" என்றார் பாய்.

"மிஷின் கெட்டதில்ல, மாமா. ஆனா இந்தக் கம்பியக் காட்டி விக்கிறது கெட்டது. பாஸ்கிட்ட சொல்லிப் பாக்குறேன். கேக்கலைன்னா வேற வேலை."

"அது வரைக்கும் மத்தியானம் சாப்பாடு இங்க" என்றாள் குணவதி.

மறுநாள் காலை விளக்கேற்றி, ஆறவைத்த தண்ணீரைக் கழுவிய டிரம்மில் ஊற்றினாள். காற்றில் மூடி தூக்காமலிருக்க, இம்ரான் விட்டுப்போன கம்பிக் கருவியை அதன் மேல் பாரமாக வைத்தாள். பக்கிரிசாமிதான் முதல் டம்ளர் குடித்தார்.

"தண்ணி நல்லாதான் இருக்கு. அப்ப என் முட்டி வலிக்கு என்னதான் காரணம்?"

"வயசு, அண்ணே."

பக்கிரிசாமி வெறும் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். "தண்ணியாவே இருந்திருக்கலாம், குணா."