என் ரத்தத்துக்கு ஊற்றிய மருந்து

இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒன்றைக் கேட்டு வாங்கும்போது சிரிக்கிறார்கள். நாம் பதில் கேட்டால் செல்போனைப் பார்க்கிறார்கள். செஞ்சி கண் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த சுவாதியும் அப்படித்தான்.

எனக்குக் கண்ணில் நீர் அழுத்தம். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் மிச்சம் இருப்பதை வைத்துத்தான் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்ட கொல்லையில் செடி எது, களை எது என்று பார்க்கிறேன். தை மாசம் ஆஸ்பத்திரிக்குச் சொட்டு மருந்து வாங்கப் போனபோது அவள் வந்து, "உங்க ரத்தத்துல வெள்ளை அணுவைப் பிரிச்சு, அதுமேல சில மருந்த ஊத்திப் பாப்போம் தாத்தா. இந்த நோய்ல அந்த அணுவுக்கும் பங்கு இருக்குதான்னு ஆராய்ச்சி" என்றாள். கையை நீட்டினேன்.

கொல்லை மண்ணை எடுத்துப்போனால், எந்த உரம் சேரும் என்று விவசாய ஆபீஸில் சொல்லுவார்கள். அதுவரைக்கும் பழைய உரத்தைப் போட மாட்டோம். ரத்தமும் அப்படித்தானே? எனக்குச் சேரும் மருந்து வரட்டும் என்று சொட்டு மருந்தை நிறுத்திவிட்டேன். சித்திரையில் மல்லாட்டை பிடுங்கி முடித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"இன்னாம்மா, எந்த மருந்து சேந்துது?"

"அது சொல்ல முடியாது தாத்தா. டியூப்புல உங்க பேரே இருக்காது, நம்பர்தான். எல்லார் ரத்தத்தையும் சேத்துப் பாத்தாத்தான் ஏதாவது தெரியும். வருசக்கணக்கா ஆவும். சொட்டு மருந்து உடறீங்க இல்ல?"

"ரிசல்ட்டு வரட்டும்னு நிறுத்திட்டேன்."

அவள் சிரிப்பு நின்றது. உள்ளே கூட்டிப்போனாள். டாக்டர் அளந்து பார்த்து, அழுத்தம் ஏறிவிட்டது, இடது கண்ணிலும் ஓரம் போய்விட்டது, போனது வராது என்றார்.

"மண்ணுக்கும் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன்" என்று கூட வந்திருந்த என் வீட்டுக்காரி வசந்தா எல்லார் எதிரிலும் திட்டினாள்.

"நிறுத்தக் கூடாதுன்னு நான் தனியா சொல்லியிருக்கணும் தாத்தா" என்றாள் சுவாதி. "உங்க ரத்தம் நாளைக்கு யாருக்காவது உதவும்."

"யாருக்காவதுன்னா, அவன் பேரு இன்னா?"

அவள் செல்போனைப் பார்த்தாள்.

"எங்கிட்ட இருந்து பிரிச்ச ரத்தத்துக்கு விதவிதமா மருந்து ஊத்துறீங்க. அது என் உடம்புல இருந்தப்ப ஒருத்தரும் ஊத்தலியே."

புது சொட்டு மருந்தை வசந்தா முந்தானையில் முடிந்துகொண்டாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன். ராஜகிரி மலைக்கோட்டையைப் பார்க்கக் கழுத்தை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. இந்தச் சொட்டு மருந்தாவது எனக்குக் கொடுத்ததா, இல்லை இதிலும் என்னை வைத்து எதையாவது சோதித்துப் பார்க்கிறார்களா, யார் கண்டது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.